கேட்காமல் எழும்புகிறவள்

முப்லிஹா அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டு அப்போது நாலு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கோபம் என்றதும் தொழுகையை விட்டுவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐந்து வேளையும் தவறாது, நோன்பும் தவறாது. சமைத்துப் போட்டு, உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டு, ஆனால் புருசனோடு ஒரு வார்த்தை பேசாமல் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிற பெண்சாதிமார் எந்த ஊரில்தான் இல்லை? அவளுக்கும் படைத்த ரப்புக்கும் இடையில் அப்படித்தான் இருந்தது. தொழுது ஸலாம் கொடுத்ததும் மற்றவர்கள் இரண்டு கையையும் ஏந்தி, அதைத் தா இதைத் தா என்று துஆக் கேட்பார்கள். இவள் ஏந்த மாட்டாள். முசல்லாப் பாயைச் சுருட்டிக் கொடியில் போட்டுவிட்டு நெல்லைக் கிளறப் போய்விடுவாள். கடமை வேறு, கதைப்பது வேறு.

இது அவளுடைய புருசன் ஹலீமுக்கே தெரியாது. நெல்லைக் கோழி கொத்திவிடும் என்ற அவசரம் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். பாவம், அவன் மீன் வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, வாவி மீனும் கடல் மீனும் ஊரூராகக் கொண்டுபோய் விற்பான். ஊருக்கெல்லாம் மீன் கொடுக்கிறவனின் வீட்டில் பருப்பும் முருங்கைக்காயும்தான். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு முப்லிஹா வீட்டுக்குள் மீன் எடுத்ததில்லை. அவன் வெளிக் கிணற்றில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஆசை அடங்காத நாளில் ஆரையம்பதிச் சாப்பாட்டுக் கடையில் ஒளித்திருந்து மீன் குழம்பும் சோறும் தின்பான். அது அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பாள்.

அவர்களுடைய வீடு முன்பு காத்தான்குடியின் கடல் பக்கத்தில் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு வயது ஷாமில் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"உம்மா, கடல் வத்திட்டு! மீனெல்லாம் மணலுல கிடந்து துள்ளுது. பை தாங்க, கெதியாத் தாங்க!"

அவள்தான் சீனிப் பையொன்றை உதறிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தாள். பிறந்தது முதல் பார்த்த கடல் அங்கே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈரத் தரை, அதில் யாரும் கண்டிராத கற்கள், பாசி, வெயிலில் வெள்ளி வெள்ளியாக மீன்கள், அவற்றுக்கு நடுவே கூச்சல் போட்டு ஓடுகிற பிள்ளைகள். அவளுக்குப் பயமே வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. படைத்தவனைப் புகழ்ந்து சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் சொல் வாயை விட்டு முழுசாக வெளியே வருவதற்குள் தொலைவில் கறுப்பாக ஒரு சுவர் எழும்பி நடந்து வந்தது.

அவளை மாமரத்துக் கொப்பிலிருந்து இறக்கினார்கள். ஷாமில் கிடைக்கவேயில்லை.

முதல் கொஞ்ச நாள் அவள் துஆக் கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது போதாது, கெஞ்சிக் கூத்தாடினாள். மகனின் உயிரைக்கூட அவள் திருப்பிக் கேட்கவில்லை. உடம்பைத் தா, குளிப்பாட்டி அடக்கிப்போட்டுச் சும்மா இருக்கிறேன் என்றுதான் கேட்டாள். கடல் மற்றவர்களின் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் வைத்தது. அவளுடையவனை வைக்கவில்லை. ஒரு நாள் பாதித் துஆவில் கையை இறக்கினாள். அதற்குப் பிறகு ஏந்தவில்லை.

ஆறுதல் சொல்ல ஆட்களுக்குக் குறைவா? அயல் வீட்டு ஆயிஷா உம்மா, "தண்ணில மௌத்தாகினவங்க ஷஹீது, மகள். நேர சுவர்க்கம்தான், கேள்வி கணக்கு இல்ல" என்றாள். மாமனார் உசனார், அல்லாஹ் தான் விரும்பின ஆட்களைத்தான் சோதிப்பான் என்றார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வாசலில் நின்றே, ஊரில் பாவம் பெருத்துவிட்டது, அதுதான் கடல் வந்தது என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். அவருடைய வீடு வாவிப் பக்கம், ஒரு ஓடுகூட நகரவில்லை. முப்லிஹா எல்லோருக்கும் தலையாட்டினாள். முதல் இரண்டு பேர் சொன்னதையும் அவள் நம்பவும் செய்தாள். ஆனாலும் அவள் கேட்டது அதை இல்லை. சுப்ஹானல்லாஹ் என்று சொன்ன வாய்க்கு அல்லாஹ் கொடுத்த மறுமொழியா அது? அதைத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவனோடு அவள் கதைப்பதும் இல்லை.

பிறகு வாவிக் கரையில் புது வீடு கிடைத்தது. அங்கே அவள் நெல் அவிக்கத் தொடங்கினாள். ஊறவைத்த நெல்லை விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே பீப்பாவில் கொட்டி, உமி அடுப்பு மூட்டி, ஆவி எழும்பி நெல் வாய் பிளக்கிற பதத்தில் இறக்கி, முற்றத்தில் விரித்த படங்கில் பரப்பிவிட வேண்டும். வெயிலில் காலால் வரி வரியாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அரிசி முறிந்துபோகும். அந்த வேலைக்குக் கைத்துணையாக வந்தவள்தான் ராசாத்தி.

ராசாத்தி வாவிக்கு அக்கரை, படுவான்கரைக்காரி. காலையில் மண்முனைத் துறையில் பாதை ஏறி வருவாள். பாதை என்று இந்தப் பக்கத்தில் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டை மிதவையை. வலது மணிக்கட்டு கோணிப்போன மனுசி, இடது கையால்தான் கூடை தூக்குவாள். அவளுடைய மகள் கம்சாயினியைப் பதினாறு வயதில், சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அது முப்லிஹாவுக்குத் தெரியும். முப்லிஹாவின் வாப்பா தொண்ணூறாம் ஆண்டில் பள்ளிவாசலுக்குள் நெற்றியைத் தரையில் வைத்துச் சுஜூதில் இருந்தபோது சுடப்பட்டவர் என்பது ராசாத்திக்கும் தெரியும். இரண்டையும் இரண்டு பேரும் பேசியதில்லை. நெல்லைப் பற்றிப் பேசினார்கள், விறகைப் பற்றிப் பேசினார்கள், கச்சான் காற்றை ஏசினார்கள்.

அந்த வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. பட்டணத்துப் பக்கம் சீனவெடி கேட்டது. ராசாத்தி அன்றைக்கும் வந்தாள். கிளறிய இடத்தையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் அழகரத்தினம் வவுனியா முகாம்களின் முள்ளுக்கம்பியைச் சுற்றிச் சுற்றி மகளைத் தேடப் போயிருந்தான். ஒரு தகவலும் இல்லை.

மறுநாள் கச்சான் அனலாக வீசியது. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு முப்லிஹா வழக்கம்போல உடனே எழும்பி வெளியே வர, ராசாத்தி அவளுடைய காலடியில் குந்தியிருந்தாள்.

"புள்ள, ஒரு உதவி கேக்கணும். இல்லையெண்டு சொல்லப்படா."

"என்னத்தக்கா? காசா?"

"காசில்ல. உங்கட ஆண்டவனிட்ட என்ட புள்ளைக்காக ஒரு வார்த்தை கேளுங்க."

முப்லிஹா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குக் கோயில் இல்லையா? மாமாங்கத்தார் இரிக்காரே."

"அவரிட்டக் கேட்டுக் கேட்டு அவர்ர காது செவிடாப் போயிருக்கும். நான் ரெண்டு வருசமா உங்களப் பாக்குறன் புள்ள. எங்கட ஆக்கள் கோயில்ல நிண்டு தா, தா எண்டு கேட்டுக்கொண்டே இருப்பம். உங்கட ஆயிஷா உம்மாவும் தொழுதுபோட்டு கைய ஏந்தி முணுமுணுக்கிறதக் கண்டிருக்கன். நீங்க மட்டும் ஒண்டும் கேக்காம எழும்புறீங்க. புள்ளையக் கடலுக்குக் குடுத்துப்போட்டும் ஒரு முறைப்பாடு இல்லாம எழும்புறீங்க. இவ பெரிய பக்திக்காரி, இவ கேட்டா அவர் தட்ட மாட்டார் எண்டு என்ட மனசு சொல்லுது."

முப்லிஹாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. தன்னுடைய கோபத்தைப் போய் ஒருத்தி பக்தி என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! வெட்கமா, எரிச்சலா என்று அவளுக்கே விளங்கவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. வாய்க்கு வந்ததோ வேறொன்று.

"உங்கட மகள் போட்டிருந்தது யார்ர உடுப்பு எண்டு தெரியுமாக்கா? என்ட வாப்பாவ சுட்டவனுகளுக்கும் அதே உடுப்புத்தான். அந்த உடுப்புக்கா நான் துஆக் கேக்கிற?"

காற்று படங்கின் ஓரத்தைத் தூக்கி அடித்தது. ராசாத்தி எழும்பி, நெல்லைக் காலால் ஒதுக்கிப் படங்கின் மேல் கல் வைத்தாள். பிறகு கோணிய மணிக்கட்டை நீட்டினாள்.

"தெரியும் புள்ள. அந்த உடுப்பப் போடவேணாமெண்டு அவள்ட ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக் கிடந்தன். அவளக் கொண்டுபோக வந்தவன் துவக்குப் பிடியால இஞ்சதான் அடிச்சான். முதல் நாள்தான் அவனுக்கு என்ட வீட்டுல சோறு போட்டன். முட்டை பொரிச்சு வெச்சன்."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சேலையை உதறிக்கொண்டு துறைப் பக்கம் நடந்துவிட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. முப்லிஹா தனியாக அவித்து, தனியாகப் பரப்பி, தனியாக அள்ளினாள். அரிசி முறிந்தது. மில்லுக்காரன் முனாப் அரிசியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "என்ன ராத்தா, இது சோத்துக்கா, கஞ்சிக்கா?" என்று பகிடி பண்ணினான். அவள் சிரிக்கவில்லை. வீட்டின் மேற்குச் சுவரோரமாக அவள் தொழுகிற இடத்தில் ஒரு யன்னல் இருந்தது. கிப்லாவை நோக்கி நின்றால் எதிரே வாவி, வாவிக்கு அங்கால் படுவான்கரையின் மரக்கோடு. இத்தனை நாளும் அவள் அந்தப் பக்கம் பார்த்துத்தான் தலை குனிந்திருக்கிறாள். இப்போது தொழுகைக்குத் தக்பீர் கட்டினால் மரக்கோட்டுக்குக் கீழே ஒரு கோணல் மணிக்கட்டுத்தான் தெரிந்தது.

சோறு பிசைந்துகொண்டே ஹலீமிடம் சொன்னாள், "இஞ்சேருங்க, என்னை அக்கரைக்குக் கூட்டிப்போங்க."

ஹலீம் நிமிர்ந்து பார்த்தான். "படுவான்கரைக்கா? நீயா?"

"ராசாத்தி அக்காவப் பாக்கணும். நான் ஏசிப்போட்டன்."

"ஏசினா வேறாள் பாக்கலாமே புள்ள. நெல் கிளற ஆளா இல்ல?"

"நெல்லுக்கில்ல," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போனார்கள். துறையில் இராணுவக்காரன் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டான். பாதை நகர்ந்து நடு வாவிக்கு வந்தபோது காற்று சட்டென்று விழுந்துவிட்டது. கச்சான் அப்படித்தான், நாளெல்லாம் பிசாசாக ஆடிவிட்டு ஒரு நொடியில் ஆளே இல்லாமல் போய்விடும். தண்ணீர் அசையவில்லை. வானம் முழுசும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பாதையில் ஆடு பிடித்திருந்தவன், சைக்கிளோடு நின்ற வாத்தியார், ஒரு கிழவர் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். முப்லிஹா மிதவையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வற்றிய கடலைப் பார்த்தபோது வந்த அதே வியப்பு நெஞ்சில் எழும்பியது. அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தது அவளுக்கு.

ராசாத்தியின் வீடு தகரமும் கிடுகுமாக இருந்தது. முற்றம் கூட்டிக் கிடந்தது. அடுப்பு எரியவில்லை. அவள் வாசலில் கால் நீட்டி இருந்தாள். இவர்களைக் கண்டதும் பதறி எழும்பினாள்.

"ஐயோ, தம்பியும் வந்திருக்கார். இரிங்க, இரிங்க. வாங்க புள்ள." பாயை உதறி விரித்தாள். சீனி போட்டுச் சாயத் தேத்தண்ணி ஊற்றினாள். ஹலீம் குடித்துவிட்டு, மீன் பெட்டி கட்டப் புது டயர்க் கயிறு வேண்டும் என்று இல்லாத காரணம் சொல்லித் தெருப் பக்கம் போனான். விவரம் உள்ள மனுசன்.

"தகவல் ஏதும் வந்ததாக்கா?"

"இல்ல. ஒரு பொடிச்சி கண்டதெண்டாள். மறுகா அது வேற பிள்ளையெண்டாள். அவள்ட அப்பன் இன்னும் முகாம் கம்பியப் பிடிச்சிக்கொண்டு நிக்குது."

 முப்லிஹா சாயக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நான் ஏசினதுக்காக மட்டும் வரல்ல. நீங்க நினைச்ச ஆள் நான் இல்ல. பக்தில எழும்பல்ல. கோவத்துல எழும்புற. ஷாமிலக் கேட்டுக் கேட்டுப் பாத்தன். அவன் தரல்ல. அண்டைக்குப் பிறகு நான் அவனோட கதைக்கிறல்ல. கடமையச் செய்யிற, எழும்புற. அவ்வளவுதான்."

ராசாத்தி அவளையே பார்த்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முப்லிஹா கையைப் பிடிக்கப் போனால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"நாலு வருசமாவா? ஆண்டவனோடவா? என்ட அம்மோ! நான் மாமாங்கத்தில நிண்டு மண்ணை வாரி எறிஞ்சு ஏசிப்போட்டு வந்தன் புள்ள. ஐயரே பயந்துபோயித்தார். நான் கத்திக் கோபிச்சன். நீங்க கதைக்காமக் கோபிச்சிருக்கிறீங்க."

முப்லிஹாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நெஞ்சை நோகப்பண்ணியது.

"உங்களுக்கு ஏசுறதுக்கு ஆள் இரிக்கிக்கா," என்றாள். "கொண்டுபோனவன்ட முகம் தெரியும். நான் ஆர ஏசுற? கடலையா? கடலுக்கு என்ன தெரியும். எனக்கு அவன் ஒருத்தன்தான். ஏசுறதுக்கும் அவன்தான், கேக்குறதுக்கும் அவன்தான்."

"முகம் தெரிஞ்சும் என்ன? அவனும் செத்திருப்பான். அவனையும் ஆரோ ஒருத்தி பெத்துத்தான் விட்டிருப்பாள். யோசிச்சா விசர் வருது. மனிசன் ஏன் இப்பிடி எண்டு தெரியா, கடல் ஏன் அப்பிடி எண்டும் தெரியா." ராசாத்தி மூக்கைச் சேலையில் துடைத்தாள். "ஒண்டு கேக்கட்டா? வீட்டுல ரெண்டு புள்ள இரிக்கு எண்டு வையுங்க. ஒண்டு எந்த நேரமும் அது தா, இது தா எண்டு அரிக்கும். மற்றது கோபிச்சுக்கொண்டு வருசக் கணக்கில வாயே திறக்காது. ஒரு நாள் அந்த மற்றது வந்து, இன்னொரு புள்ளைக்கு ஒண்டு தாங்க எண்டு கேட்டா, தகப்பன் எதப் போட்டுட்டு ஓடி வருவான்?"

 தென்னைகளின் நிழல் முற்றத்தில் நீளத் தொடங்கியிருந்தது. பின்னேர அசர்த் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

"அக்கா, ஒளு எடுக்கத் தண்ணி தாங்க."

தொழுகைக்குக் கை கால் முகம் கழுவ ராசாத்தி கிணற்றில் அள்ளி ஊற்றினாள். பெட்டிக்குள்ளிருந்த புதுப் பாயை எடுத்து வந்தாள். கம்சாயினியின் கலியாணத்துக்கென்று இழைத்து வைத்ததாம். மேற்குப் பக்கமாக விரித்தார்கள். முப்லிஹா தொழுதாள். ராசாத்தி கொஞ்சம் தள்ளி, தலைக்குச் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினாள்.

ஸலாம் கொடுத்தாயிற்று. எழும்புகிற பழக்கத்தில் முப்லிஹாவின் முழங்கால் அசைந்தது. அவள் எழும்பவில்லை. கைகள் மடியில் கிடந்தன. அவற்றைத் தூக்குவது பீப்பா நெல்லைத் தூக்குவதைவிடப் பாரமாக இருந்தது. ஒரு வழியாக ஏந்தினாள். உமி அடுப்பில் வெந்து காய்த்துப்போன கைகள். நாலு வருடம் பேசாத வாயில் எச்சில்கூட இல்லை.

பின்னாலிருந்து ராசாத்தி மெல்லச் சொன்னாள்.

"பேர வடிவாச் சொல்லுங்க புள்ள. கம்சாயினி. அழகரத்தினத்தின்ட மகள். இடது புருவத்துக்கு மேல தழும்பொண்டு இரிக்கு, கொய்யா மரத்தால விழுந்தது. அதையும் சொல்லுங்க. அங்க ஆயிரம் பிள்ளையள், மாறிப்போயிரும்."

"மாறாதுக்கா. அவனுக்குத் தெரியும்."

"எங்க கிடக்காள் எண்டுமா?"

"எங்க எண்டும் தெரியும். இந்த நேரமும் அவளப் பாத்துக்கொண்டுதான் இரிக்கான்."

ராசாத்தியைத் தேற்றத்தான் சொன்னாள். சொன்னது அவளுடைய காதிலேயே போய் விழுந்தது. முப்லிஹாவுக்கு மேல் புல்லரித்தது. எந்த வலையும் எட்டாத, எந்த மனிதனும் இறங்கித் தேடாத அந்தக் கடலின் அடியில், எந்த மணலுக்குள், எந்தக் கல்லிடுக்கில் ஷாமில் கிடக்கிறான் என்று ஒருவனுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும். அவள் முகம் திருப்பியிருந்த இத்தனை காலமும் அவன் ஷாமிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏன் என்ற கேள்வி நெஞ்சில் கிடந்த இடத்தைவிட்டு ஒரு விரல்கடை அசையவில்லை, அது அப்படியே கிடந்தது. ஆனால் எங்கே என்பதற்கு மறுமொழி இருந்தது. வாவியும் கடலும் அதற்கு மேலே நின்ற வானமும் அந்த மறுமொழிக்குள் அடங்கிச் சிறுத்துப்போயின. அந்தப் பெருமைக்கு முன்னால் அவளுக்குப் பயமாகவும் இருந்தது, அந்தப் பயத்துக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. விழுங்கி வைத்திருந்த சொல் இப்போது தானாக வந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்றாள். "யா அல்லாஹ், கம்சாயினிய அவட உம்மாட்டக் குடு. உசிரோட குடு. நான் கேட்டு நீ தர வேணாமெண்டா, இந்த மனுசிக்காகக் குடு."

நிறுத்தினாள். கண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கியது. கையை இறக்கவில்லை.

"மறுகா, என்ட ஷாமில்," என்றாள். எல்லாம் தெரிந்தவனிடம் சொல்லத் தேவையில்லை என்று இப்போதுதான் சொன்னவள், குரலைத் தாழ்த்தி, பிள்ளையை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வருகிற தாயாகச் சொன்னாள்.

"அவனுக்கு இருட்டெண்டாப் பயம். படுக்கக்குள்ள விளக்க நூத்துப்போடாத."